பனிக்கட்டி இல்லாத குளிர்

உறைய வைத்த கருவை அடுத்த மாதம் கருப்பையில் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும், விளக்கம் கேட்கத் தம்பதிகள் எங்கள் ஆய்வகத்துக்கு வருவார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அத்தனை குளிரில் அதற்கு ஒன்றும் ஆகாதா மேடம்?" சிலர் சற்றுத் தயங்கி, "பிறக்கிற குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்குமா?" என்றும் கேட்பார்கள். நான் கருவியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்க எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை. திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிரில் ஓர் உயிர் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது என்பது உலகின் தேர்ந்த உயிரியலாளர்களைப் பல பத்தாண்டுகள் திணறடித்த கேள்வி. அவர்களில் ஒருவர் கல்கத்தாக்காரர். அவருக்கு நாம் இழைத்த அநீதியைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் குளிரைப் பற்றி. குளிர் ஒரு செல்லை மெதுவாக்கும், பிறகு நிறுத்திவிடும். பெரும்பாலான செல்களை உண்மையில் கொல்வது பனிக்கட்டி. ஃப்ரீசரில் வைத்து எடுத்த தக்காளியைப் பார்த்திருப்பீர்கள். பழைய உருவம் இருக்கும், தொட்டால் கூழாகிவிடும். செல்லுக்குள் இருப்பதில் பெரும்பங்கு நீர். அது படிகமாகும்போது உள்ளே இருக்கும் நுண்ணிய சவ்வுகளையெல்லாம் கிழித்துவிடுகிறது. இது ஒரு வகைச் சாவு. இன்னொன்று அதைவிடச் சூட்சுமமானது. செல்லுக்கு வெளியே இருக்கும் நீர் முதலில் உறையும். உறைகிற நீர் தன்னோடு உப்பைச் சேர்த்துக்கொள்ளாது. அதனால் மீதமிருக்கும் திரவத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த உப்பு செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். செல் சுருங்கி வற்றி, உப்பு நஞ்சில் ஊறிச் சாகும்.

ஆக, வேகமாகக் குளிரவைத்தால் உள்ளே பனிக்கட்டி. மெதுவாகக் குளிரவைத்தால் வெளியே உப்பு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் பீட்டர் மேசர் என்பவர் இந்த இருதலைச் சிக்கலைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் இடையில் ஓர் உகந்த வேகம் உண்டு என்பது அதன் சாரம். நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று இன்றும் உலகத்து ஆய்வகங்கள் பல பின்பற்றுகிற வேகம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போவதுதான். ஆனால் வேகம் மட்டும் போதாது. ஒரு துணை வேண்டும்.

அந்தத் துணை கிடைத்தது ஒரு லேபிள் குழப்பத்தால். லண்டனை ஒட்டிய மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தணுக்களை உறைய வைக்க முயன்றார்கள். பழச்சர்க்கரைக் கரைசலில் வைத்துப் பார்த்ததில் ஒன்றும் நடக்கவில்லை. கரைசலைக் குளிர் அறையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். சில மாதங்கள் கழித்து அதே பாட்டிலை எடுத்து மறுபடி முயன்றபோது, மைனஸ் 79 டிகிரியிலிருந்து திரும்பிய விந்தணுக்கள் நீந்தின. புதிதாகச் சர்க்கரைக் கரைசல் தயாரித்துச் செய்தால் பழையபடி எல்லாம் செத்தன. பாட்டிலில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தை வேதியியல் சோதனைக்கு அனுப்பியபோதுதான் உண்மை தெரிந்தது. அதில் சர்க்கரையே இல்லை. கிளிசரினும் முட்டை வெண்கருப் புரதமும் இருந்தன. திசுத் துண்டுகளைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டப் பயன்படும் கலவை அது. குளிர் அறையில் லேபிள்கள் இடம் மாறியிருந்தன. 1949இல் இதை வெளியிட்டார்கள்.

இந்தக் கதையை 'அதிர்ஷ்டம்' என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. பாட்டிலின் அடியில் மிஞ்சிய துளிகளை வீசிவிடாமல் சோதனைக்கு அனுப்பிய பொறுமையை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. ஏன் பலித்தது என்று தெரியாத வெற்றியை அவர்கள் வெற்றியாக ஏற்றுக்கொள்ளவில்லை.

கிளிசரின் என்ன செய்கிறது? நீர் மூலக்கூறுகளோடு கலந்து நின்று படிகம் கட்டுவதைத் தடுக்கிறது. உப்பு ஏறுவதை மட்டுப்படுத்துகிறது. அதே நிலையத்தில் இருந்த ஜேம்ஸ் லவ்லாக் இந்த விளக்கத்தைத் தந்தார். 1959இல் அவரும் பிஷப் என்பவரும் சேர்ந்து கிளிசரினைவிட வேகமாகச் செல்லுக்குள் புகும் டைமெத்தில் சல்ஃபாக்சைடைக் கண்டுகொண்டார்கள். டி.எம்.எஸ்.ஓ. என்று ஆய்வகங்களில் சொல்வது இதைத்தான். காகிதக் கூழ்த் தொழிலின் உபபொருளாகக் கிடைப்பது. உறைய வைத்த தண்டு செல்களை (ஸ்டெம் செல்) பெற்ற நோயாளியின் அறைக்குள் நுழைந்தால் பூண்டு வாடை அடிக்கும். அந்த வாடை இதனுடையதுதான்.

இந்த அறிவு முதலில் போய்ச் சேர்ந்தது மருத்துவமனைக்கு அல்ல, மாட்டுத் தொழுவத்துக்கு. உறைவிந்தால் முதல் கன்று 1951இல் இங்கிலாந்தில் பிறந்தது. பிரான்சில் ராபர்ட் கசூ என்பவர் வடிவமைத்த, கால் மில்லி கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி உலகமெங்கும் பரவியது. நான் வளர்ந்த ஈரோட்டுப் பக்கத்துக் கிராமத்தில் இதற்குச் 'சினை ஊசி' என்று பெயர். கால்நடை ஆய்வாளர் வண்டியில் குடுவையைக் கட்டிக்கொண்டு வருவார். மூடியைத் திறந்ததும் வெண்புகை வழியும். குச்சியை எடுத்து வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைப்பார். எந்தப் பாட்டியும் அவரிடம் குளிரில் என்ன ஆகும் என்று கேட்டதில்லை. கன்று காளையா கிடேரியா என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் மைனஸ் 196 டிகிரிக் குளிரோடு நாள்தோறும் பழகுகிறவர்கள் என்று பார்த்தால், என்னைப் போன்ற வெள்ளை அங்கிக்காரர்களைவிடக் கால்நடைத் துறையினரே அதிகம். என் துறைக்காரர்கள் இதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நாங்கள் செய்வதெல்லாம் அவர்கள் போட்ட பாதையில்தான்.

விந்தணு மிகச் சிறியது, நீர் குறைந்தது. எட்டு செல்கள் கொண்ட ஒரு கரு அப்படியில்லை. 1972இல்தான் விட்டிங்காம், லைபோ, மேசர் மூவரும் எலிக் கருக்களை மைனஸ் 196 வரையிலும், ஏன், மைனஸ் 269 வரையிலும் கொண்டுபோய் மீட்டு, அவற்றிலிருந்து உயிருள்ள எலிக்குட்டிகள் பிறக்கச் செய்தார்கள். அடுத்த ஆண்டே இயன் வில்மட், பின்னாளில் குளோனிங் முறையில் உருவான டாலி ஆட்டுக்குட்டியால் உலகப் புகழ் பெற்றவர், உறைய வைத்த கருவிலிருந்து ஒரு கன்றைப் பிறக்கவைத்தார். மனிதக் கருவில் யார் முதலில் செய்தது என்று கேட்டால், உலகத்துப் பாடநூல்கள் மெல்போர்ன் நகரத்தைச் சொல்லும். ஆலன் டிரவுன்சனும் லிண்டா மோரும் 1983இல் கர்ப்பத்தை அறிவித்தார்கள். 1984இல் குழந்தை பிறந்தது.

கல்கத்தாவில் 1978 அக்டோபர் 3 அன்றே ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. துர்கா என்று செல்லப் பெயர். உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. செய்தவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. ஹசாரிபாக்கில் பிறந்து, கல்கத்தாவில் ஒரு முனைவர் பட்டமும் எடின்பரோவில் இன்னொன்றும் பெற்ற உடலியங்கியல் பேராசிரியர். அவரோடு மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. மூன்றாமவர்தான் என்னைக் கவர்கிறவர்: ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் கற்பித்த சுனித் முகர்ஜி. உணவுப் பொருளை உறைய வைக்கும் இயல் தெரிந்த ஒருவரைக் கருவியலுக்குள் அழைத்து வந்தது எத்தகைய நுண்ணறிவு! சிக்கல் பனிக்கட்டியில் இருக்கிறது என்று சுபாஷ் முகர்ஜிக்குத் தெரிந்திருக்கிறது. பனிக்கட்டியை அறிந்தவரைத் தேடிப் போயிருக்கிறார்.

அவர் செய்ததை இன்றைய கருவியலாளரின் கண்ணால் பார்க்கிறேன். ஹார்மோன் ஊசி கொடுத்துப் பல கருமுட்டைகளை ஒரே மாதவிடாய்ச் சுழற்சியில் வளரச் செய்தார். அப்போது இங்கிலாந்துக் குழு வெற்றி கண்டது இயற்கைச் சுழற்சியில் கிடைத்த ஒற்றை முட்டையால். வயிற்றைக் கீறாமல் பிறப்புறுப்பு வழியாக முட்டைகளை எடுத்தார். உருவான கருக்களை டி.எம்.எஸ்.ஓ. கலந்து உறைய வைத்து, 53 நாட்கள் திரவ நைட்ரஜனில் வைத்திருந்து, ஹார்மோன் கொந்தளிப்பு அடங்கிய வேறொரு சுழற்சியில் தாயின் கருப்பையில் வைத்தார். ஊசியால் தூண்டப்பட்ட மாதத்தில் கருப்பையின் உட்படலம் கருவை ஏற்கத் தயாராக இருப்பதில்லை என்பதே அவர் தந்த காரணம். இப்போது எங்களைப் போன்ற ஆய்வகங்களில் எல்லாக் கருக்களையும் உறைய வைத்துவிட்டு அடுத்தடுத்த மாதங்களில் மாற்றுவது அன்றாட நடைமுறை. காரணமும் ஏறக்குறைய அதேதான். கல்கத்தாவின் மின்வெட்டுக் காலத்தில், கையிலிருந்த எளிய கருவிகளைக் கொண்டு இதைச் செய்திருக்கிறார். திரவ நைட்ரஜனுக்கு மின்சாரம் தேவையில்லை என்பது அவருக்கு எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

அவர் சொன்னதை ஆராய மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. குழந்தையின் குடும்பம் வெளிச்சத்துக்கு வர விரும்பவில்லை. அவரும் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் சொன்னது நம்பத்தக்கதல்ல என்று குழு தீர்ப்பளித்தது. ஜப்பானுக்குச் சென்று தன் பணியை விளக்கக் கிடைத்த அழைப்புக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1981இல் அவரைக் கண் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். இனப்பெருக்க உடலியங்கியல் அறிந்த ஒரு மனிதரைக் கண் மருத்துவத்துக்கு! அந்த ஆண்டு ஜூன் 19 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஐம்பது வயது.

இந்தக் கதையில் இன்னொரு பெயரும் இருக்கிறது, அதை நன்றியோடு எழுதுகிறேன். டி.சி. ஆனந்தகுமார். 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பையில் பிறந்த குழந்தையை, இந்திரா ஹிந்துஜாவோடு சேர்ந்து, இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையாக உலகத்துக்கு அறிவித்தவர். 1997இல் கல்கத்தாவுக்குச் சென்றபோது சுபாஷ் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகள் அவர் கைக்கு வந்தன. படித்துப் பார்த்துவிட்டு, 'கரன்ட் சயின்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார்: முதலில் செய்தவர் நான் அல்ல, அவர்தான் என்று. தன் பெயரோடு ஒட்டியிருந்த 'முதல்' என்ற சொல்லைத் தன் கையாலேயே எடுத்து, மறைந்த ஒருவருக்குக் கொடுத்தார். என் துறையின் வரலாற்றில் இதைவிட உயர்ந்த செயலை நான் படித்ததில்லை. துர்கா வளர்ந்து, தன் இருபத்தைந்தாவது பிறந்தநாளில் தானே வெளிப்பட்டு அவர் பெயரைச் சொன்னார்.

சுபாஷ் முகர்ஜி காலத்து முறை மெதுவாக உறைய வைப்பது. இப்போது நாங்கள் செய்வது விட்ரிஃபிகேஷன். 1985இல் ராலும் ஃபாஹியும் எலிக் கருக்களில் காட்டிய வழி இது. மேசர் சொன்ன இரண்டு வேகங்களுக்கு நடுவே தேடாமல், பனிக்கட்டியே உருவாகாதபடி பார்த்துக்கொள்வது. உறைகாப்புப் பொருள் செறிந்த கரைசலில் கருவைச் சில நிமிடம் வைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு துளியோடு மெல்லிய பிளாஸ்டிக் இதழின் நுனியில் ஏற்றி, நேரடியாகத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்துகிறோம். நிமிடத்துக்கு இருபதாயிரம் டிகிரிக்கும் மேலான வேகத்தில் குளிர்கிறது. படிகம் கட்ட நீருக்கு அவகாசமே கிடைப்பதில்லை. திரவ ஒழுங்கின்மையோடு அப்படியே கெட்டியாகிக் கண்ணாடி ஆகிவிடுகிறது. செறிந்த கரைசல் நஞ்சு என்பதால் கை வேகம் முக்கியம். அந்தச் சில நிமிடங்களில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். வெளியே எடுக்கும்போதும் வேகம்தான்: 37 டிகிரிச் சர்க்கரைக் கரைசலுக்குள் நேராக. நுண்ணோக்கியில், சுருங்கிக் கிடந்த கரு ஓரிரு மணி நேரத்தில் மெல்லப் பருத்து எழுவதைப் பார்ப்பது இந்த வேலை எனக்குத் தரும் பெரிய மகிழ்ச்சி. நல்ல ஆய்வகத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைக்கும்.

அந்தக் கண்ணாடி நிலையில் காலம் நின்றுவிடுகிறதா? ஏறக்குறைய. மைனஸ் 130 டிகிரிக்குக் கீழே வேதிவினைகள் நடப்பதற்கு மூலக்கூறுகளுக்கு அசைவே இல்லை. 1992இல் உறைய வைத்த கருக்களிலிருந்து 2022 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவில் இரட்டையர் பிறந்தார்கள். எனக்கு இதைவிட வியப்பானது லியனார்ட் ஹேஃப்ளிக் கண்டது. மனிதனின் சாதாரணச் செல் சுமார் ஐம்பது முறை பிரிந்த பிறகு நின்றுவிடும் என்று கண்டறிந்தவர் அவர். 1962இல் பிலடெல்ஃபியாவில் டபிள்யூ.ஐ.-38 என்ற செல்வகையை உருவாக்கி நூற்றுக்கணக்கான சிமிழ்களில் உறைய வைத்தார். எத்தனை ஆண்டு கழித்து எடுத்தாலும், அந்தச் செல்கள் விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்து பிரிந்து, அதே எல்லையில் நின்றன. அவற்றில் வளர்த்த தடுப்பூசிகள், ரூபெல்லாவுக்கானது உட்பட, கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்திருக்கின்றன.

இனி, தம்பதிகளின் கேள்விக்கு நான் சொல்லும் பதில். உறைய வைத்ததால் சளி பிடிக்காது. உறைகரு மூலம் பிறக்கும் குழந்தைகள் சராசரியாகச் சற்றே கூடுதல் எடையோடு பிறக்கிறார்கள். கருப்பையை ஹார்மோன் மாத்திரையால் மட்டும் தயார்செய்யும் முறையில் தாய்க்கு ரத்த அழுத்தச் சிக்கல் கொஞ்சம் அதிகம் வருகிறது. அதனால் மாதவிடாய்ச் சுழற்சி சீராக உள்ளவர்களுக்கு இயற்கைச் சுழற்சியில் மாற்றுவதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள் என்பேன். அவர்கள் கேட்காத ஒன்றையும் சொல்வேன்: உண்மையான ஆபத்து குளிரில் இல்லை, குளிர் தீர்ந்துபோவதில் இருக்கிறது. 2018 மார்ச்சில் ஒரே வார இறுதியில் அமெரிக்காவின் கிளீவ்லாண்டிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் சேமிப்புக் கொள்கலன்கள் பழுதாயின. கிளீவ்லாண்டில் மட்டும் 4,000க்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் போயின. தொலை எச்சரிக்கை மணி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் ஆய்வகத்தில் மின்னணு எச்சரிக்கை இருந்தாலும், கொள்கலனுக்குள் அளவுகோலை இறக்கி எடுத்து, எவ்வளவு உயரம் வரை வெண்பனி படிகிறது என்று கண்ணால் பார்த்துக் கையால் எழுதிவைக்கிறோம். உங்கள் கருக்களை எங்கேனும் வைத்திருந்தால், அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

உறைநிலைச் சேமிப்பு மிகவும் தேவைப்படுகிறவர்களுக்கு அது சொல்லப்படாமல் போவதுதான் என் பெரிய ஆதங்கம். இருபத்திரண்டு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்த இளைஞர், கீமோதெரபி முடிந்து, பிழைத்து, திருமணமாகி, அதன் பிறகு எங்களிடம் வருகிறார். விந்தணு பூஜ்யம். மருந்து தொடங்குவதற்கு முன் ஒரு நாள் கிடைத்திருந்தால் போதும். பெண்களுக்கு இரண்டு வாரம். மாதவிடாய்க்குக் காத்திருக்காமல் எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கலாம். பருவமடையாத சிறுமிகளுக்குக் கருப்பைப் பக்கத்துச் சினையகத் திசுவையே எடுத்து உறைய வைக்கலாம். உறைய வைத்த சினையகத் திசுவைத் திரும்பப் பொருத்தியதன் மூலம் முதல் குழந்தை 2004இல் பிரஸ்ஸல்ஸில், ஜாக் டோனெஸ் குழுவின் சிகிச்சையில் பிறந்தது. உயிர் பிழைப்பதே பெரிது என்று நினைக்கும் நேரத்தில் யாருக்கும் இது தோன்றாது. அதனால்தான் மருத்துவர்கள் தாமாகச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ சுற்றத்திலோ இளம் வயதினருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், முதல் மருந்து ஏறுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

தேவையில்லாதவர்களிடம் விற்கப்படுவது இன்னொரு பக்கம். தொப்புள்கொடி ரத்தத்தில் தண்டு செல்கள் உண்டு. 1988இல் பாரிசில் எலியான் குளுக்மான், அரிய ரத்த நோய் கொண்ட ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் உறைய வைத்த தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்திக் காப்பாற்றினார். மகத்தான மருத்துவம் அது. ஆனால் குழந்தை தன் சொந்தப் பயனுக்காகப் பின்னாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று பணம் வாங்கிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. பிரசவ அறையின் வாசலில் நிற்கும் பெற்றோரின் அச்சத்தை வைத்து நடக்கும் வணிகத்தை நான் ஆதரிக்க முடியாது. இறந்த உடலை உறைய வைத்து வருங்காலத்தில் எழுப்பலாம் என்பதும் அப்படியே. 1967 முதல் வைத்திருக்கிறார்கள். மூளை அளவு பெரிய ஓர் உறுப்பைப் பனிக்கட்டி இல்லாமல் குளிர்வித்து, வெடிக்காமல் சூடேற்றி, மறுபடி இயங்கவைக்க இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நாங்கள் அஞ்சி விலக்கும் அதே பனிக்கட்டியை வேண்டி வரவழைக்கும் மருத்துவமும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆர்னட் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே உப்பும் பனிக்கட்டியும் கலந்த கலவையால் புற்றுக்கட்டிகளை உறைய வைத்து வலியைக் குறைத்தார். 1961இல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் திரவ நைட்ரஜன் ஓடும் ஊசிமுனையைப் பார்க்கின்சன் நோயாளியின் மூளைக்குள் செலுத்தினார். இவையெல்லாம் பெரிய பெயர்கள். என் நெஞ்சுக்கு நெருக்கமானது திண்டுக்கல் மாவட்டம்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ சுகாதார மையமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பைச் சேர்ந்த சங்கரநாராயணன் குழுவும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டு வாக்கில் திண்டுக்கல் கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள். சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம். புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்தால் ஒரு நிமிடத்தில் அந்த இடம் வெளுக்கும். வெளுத்தவர்களில் தகுதியானவர்களுக்கு அங்கேயே உறைசிகிச்சை: வாயு சிலிண்டரோடு இணைந்த உலோக முனையை வைத்து மூன்று நிமிடம் உறைய வைப்பது, ஐந்து நிமிடம் உருக விடுவது, மறுபடி மூன்று நிமிடம். ஏன் இரண்டு முறை? முதல் உறைவில் தப்பிய செல்லை, உருகும்போது மீண்டும் வளரும் படிகமும் இரண்டாவது உறைவும் சேர்ந்து முடித்துவிடும். நான் ஆய்வகத்தில் பதறித் தவிர்க்கும் ஒவ்வொரு தவறும் அங்கே சிகிச்சை. மயக்க மருந்து வேண்டாம், அறுவை அரங்கு வேண்டாம். அந்தப் பெண் அன்றே வீட்டுக்கு நடந்து போகலாம்.

2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பரிசோதனை தரப்பட்ட பிரிவில், மற்றப் பிரிவோடு ஒப்பிட, கருப்பை வாய்ப் புற்று 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையால். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளுக்கு வலுச்சேர்த்த ஆதாரங்களில் ஒன்று நம் ஊர்ச் செவிலியரின் கைகளால் உருவானது. பிறகு வாயு சிலிண்டரைச் சுமந்து போகும் தொல்லை காரணமாக, பல நாடுகளில் வெப்பத்தால் சுடும் எளிய கருவி அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. பெண்களுக்கு எது எளிதில் கிடைக்கிறதோ அதுவே நல்லது.

ஆராய்ச்சிக் கூடத்திலும் இதே பனிக்கட்டிப் பிரச்சினைதான். எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வெற்றிடம். ஈரமான உயிர்ப்பொருளை வைத்தால் நீர் ஆவியாகும், உறைய வைத்தால் படிகம் படத்தைக் கெடுக்கும். 1980களின் தொடக்கத்தில் ஹைடல்பெர்கில் ஜாக் துபோஷே, மெல்லிய நீர்ப்படலத்தைக் குளிர்ந்த திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்திக் கண்ணாடியாக்கினார். நேரடியாகத் திரவ நைட்ரஜனில் போட்டால் அது கொதித்து ஆவிப்படலம் சூழ்ந்து குளிர்ச்சியைத் தடுக்கும். ஈத்தேன் அப்படிக் கொதிக்காது. 2017ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் அவருக்கும் ஃபிராங்க், ஹெண்டர்சன் இருவருக்கும் கிடைத்தது. 2020 பிப்ரவரியில் கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்தை உலகம் பார்த்தது இந்த முறையால்தான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், செல்லுக்குள் புரதம் உருவாக்கும் ரைபோசோமுக்காக நோபல் பெற்றது எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் என்றாலும், பின்னர் அவரும் இந்தக் குளிர் நுண்ணோக்கிக்கு மாறினார்.

இத்தனை ஆண்டுகளில் கைகூடாதது முழு உறுப்பு. தானமாகப் பெற்ற இதயத்துக்குப் பனிக்கட்டிப் பெட்டியில் சுமார் நான்கு மணி நேரம். சிறுநீரகத்துக்கு ஒரு நாளும் கொஞ்சமும். 2008 செப்டம்பரில் சென்னையில் மூளைச்சாவு அடைந்த ஒரு சிறுவனின் இதயத்துக்காகப் போக்குவரத்துப் போலீஸார் சாலைகளை ஒழித்துத் தந்தது நம் நினைவில் இருக்கிறது. தமிழ்நாட்டின் உறுப்பு தானத்தையே மாற்றிய நாள் அது. அந்த ஓட்டமெல்லாம் அந்த நான்கு மணி நேரத்துக்காக. உறுப்பை விட்ரிஃபிகேஷன் செய்து மாதக்கணக்கில் வைக்க முடிந்தால், பொருத்தமானவரை நிதானமாகத் தேடலாம். நள்ளிரவு அறுவை வேண்டியதில்லை.

குளிர்விப்பதைவிடச் சூடேற்றுவது கடினம். வெளிப்புறம் முதலில் சூடாகி உட்புறம் பின்தங்கினால் உறுப்பு விரிசல் விடும். மெதுவாகச் சூடேற்றினால் வழியில் பனிக்கட்டி கட்டிவிடும். 1950களில் லவ்லாக்கும் ஆட்ரி ஸ்மித்தும் உடல் நீரில் பெரும்பங்கு உறைந்துபோன ஹாம்ஸ்டர்களை மீட்க முயன்றபோது சந்தித்ததும் இதே தொல்லைதான். லவ்லாக் நுண்ணலையால் உள்ளிருந்து சூடேற்றும் கருவி செய்தார். 2023இல் மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழு அதே எண்ணத்தை வேறு வழியில் செய்து காட்டியது. எலிச் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை நிரப்பிக் கண்ணாடியாக்கி, 100 நாள் வரை வைத்திருந்து, மாறும் காந்தப்புலத்தால் எல்லாத் துகள்களையும் ஒரே நேரத்தில் சூடேற்றி, துகள்களைக் கழுவி வெளியேற்றி, வேறு எலிகளுக்குப் பொருத்தினார்கள். அந்த எலிகளுக்கு வேறு சிறுநீரகம் இல்லை. 30 நாட்களுக்குள் பொருத்திய உறுப்பு முழுமையாக இயங்கியது.

எலியின் சிறுநீரகம் ஏறக்குறைய ஒரு கிராம். மனிதருடையது 150 கிராம். அத்தனை பருமனை நிமிடத்துக்கு எத்தனை டிகிரி வேகத்தில் குளிரவைக்கலாம், உறைகாப்புக் கரைசலின் நஞ்சை எவ்வளவு நேரம் அது தாங்கும், துகள்கள் கடைசிக் குழாய் வரை சீராகப் பரவுமா என்பவை இப்போதைய கேள்விகள். அவர்கள் பன்றியின் சிறுநீரக அளவுக்கு முயன்றுகொண்டிருக்கிறார்கள்.